சலமான்காவில் ஸ்பானியம் பயில: பினாங்கு மாணவர்களுக்கு

ஸ்பானிய மொழியை அது பேசப்படும் மண்ணிலேயே படிக்க விரும்பும் பினாங்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஸ்பெயினிலுள்ள சலமான்கா நகரத்தையே. 1218இல் தோன்றிய பல்கலைக்கழகம் 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பழைய நகருக்குள்ளேயே இருப்பதால், ஜார்ஜ் டவுன் சந்துகளில் நடந்து பழகியவர்களுக்கு அங்கும் நடையே போதும்.

மலேசியக் கடப்பிதழ் உள்ளோர் 180 நாள்களில் 90 நாள்வரை விசா இன்றித் தங்கலாம். அதற்கும் மேல் தங்கிப் படிப்பதானால், சேர்க்கைக் கடிதம் கிடைத்தவுடனே மாணவர் விசாவுக்காகக் கோலாலம்பூரிலுள்ள ஸ்பானியத் தூதரகத்தை அணுகுங்கள்.

புறப்படுமுன் ஏ1 எனும் தொடக்க நிலையையாவது முடித்துவிடுங்கள். தமிழறிவு இதில் பெரிதும் கைகொடுக்கும். 'பேசுகிறேன்' என்பதில் 'நான்' அடங்கியிருப்பதுபோலவே 'ஆப்லோ' என்பதிலும் எழுவாய் அடங்கியிருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு 'தூ', 'உஸ்தெத்' என அங்கும் உண்டு. சிக்கல் பால் வேறுபாட்டில்தான் எழும்: நமக்கு அஃறிணையான மேசை அவர்களுக்குப் பெண்பால், புத்தகமோ ஆண்பால். ஆகவே பெயர்ச்சொற்களைத் தனியே மனனம் செய்யாமல், 'லா மேசா', 'எல் லீப்ரோ' என்று முன்சொல்லோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதன் ரகரத்தை நா அதிர உச்சரித்தால் 'நாய்' ஆகிவிடும்.

தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டையே தேர்ந்தெடுங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் நீளும் மதிய உணவு மேசையில் கிடைக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பறையில் கிடைப்பதில்லை. திரும்புமுன் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் டெலே எனும் ஸ்பானிய மொழித்திறன் தேர்வை எழுதிவிடுங்கள், அச்சான்றிதழ் காலாவதியாவதில்லை.