கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வேலை அனுபவக் கடிதம் எடுப்பது எப்படி

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது கனடாவில் நிரந்தரமாகக் குடியேற, புள்ளி அடிப்படையில் ஆட்களைத் தெரிவு செய்யும் இணைய விண்ணப்ப முறை. மொழிப் பரீட்சையும் கல்வி மதிப்பீடும் தனிக்கதை, இங்கே தொடவில்லை. அதில் ஃபெடரல் ஸ்கில்ட் வேர்க்கர் (திறன்சார் தொழிலாளர்) பிரிவுக்கு வேலை அனுபவத்தைக் காட்டுவது பற்றி மட்டும் எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் பலரும் சிக்குவது இதில்தான்.

1. உங்கள் தொழிலின் எண்

கனடா அரசின் இணையத்தளத்தில் என்ஓசி 2021 என்ற பட்டியல் இருக்கிறது, ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஐந்து இலக்க எண்ணில் இரண்டாவது இலக்கம் 0, 1, 2, 3 என்றால் சரி. 4, 5 என்றால் இந்தப் பிரிவில் கணக்கில் வராது. வாகன மெக்கானிக் 72410, பார ஊர்திச் சாரதி 73300: இரண்டும் சரி. கட்டட வேலை உதவியாள் 75110: வராது. கராஜில் உங்களை 'ஹெல்பர்' என்று கூப்பிடலாம். ஆனால் எஞ்சின் இறக்கி ஏற்றுவது நீங்கள் என்றால் மெக்கானிக்குக்கு உரிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். செய்த வேலைதான் கணக்கு.

2. மணித்தியாலம்

கடந்த 10 வருடத்துக்குள், ஒரே தொழிலில், இடைவெளியில்லாமல் ஒரு வருடச் சம்பள வேலை: வாரம் 30 மணித்தியாலப்படி 1,560. ஓவர்டைம் செய்து ஆறு மாதத்தில் இதை முடிக்க முடியாது, 30க்கு மேல் எண்ணமாட்டார்கள். சம்பளமில்லாத தொண்டு வேலையும் சேராது.

3. கடிதம்

என்னை மறித்தது இந்தக் கட்டம். நம் அலுவலகங்கள் கொடுக்கும் சேவைச் சான்றிதழ் எல்லாம் ஒரே அச்சு: 'நேர்மையாகக் கடமையாற்றினார், நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' எனக்கும் அதுவே கிடைத்தது. வாழ்த்தை வைத்துப் புள்ளி போடமாட்டார்கள்.

வேண்டியவை இவை: நிறுவனத்தின் கடிதத்தலைப்பு, முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், உங்கள் பதவி, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடச் சம்பளமும் சலுகைகளும், செய்த கடமைகள், ஒப்பமிடுபவரின் பெயரும் பதவியும். மணித்தியாலத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

முதலாளியிடம் 'இப்படி எழுதித் தாருங்கள் அண்ணை' என்று வாயால் கேட்டால் பழைய அச்சுத்தான் திரும்பி வரும். ஆங்கிலத்தில் நீங்களே ஒரு வரைவு தட்டச்சு செய்து கொண்டு போங்கள். அவர் பார்த்துத் திருத்தி, சீல் வைத்து ஒப்பமிடட்டும். கடமைகளை என்ஓசி பக்கத்திலிருந்து அப்படியே பிரதி எடுக்க வேண்டாம். எந்த வாகனம், என்ன பழுது, என்ன கருவி என்று உங்கள் வேலையைச் சொல்லுங்கள்.

4. பக்கபலம்

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு. இவற்றில் எனக்குப் பிடித்தது சேமலாப நிதிதான்: முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம் என்று கட்டிய பணம் அரசுப் பதிவில் இருக்கும். சம்பளம் கையில் வாங்குபவர்கள் இன்றைக்கே வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

5. ஸ்கேன்

கைபேசிப் படம் வேண்டாம். கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்க நான் பாவிப்பது பிடிஎஃப்24 என்ற மென்பொருள். கணினியில் நிறுவினால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். கண்ட இணையத்தளத்திலும் கடவுச்சீட்டை ஏற்றாதீர்கள்.

பிறகு சேர்த்தது

திட்டம் முடிந்து அலுவலகமே மூடிய தொண்டு நிறுவனங்களில் இருந்தவர்கள் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்றோடு, கடிதம் ஏன் எடுக்க முடியவில்லை என்ற விளக்கக் கடிதமும் வையுங்கள். பழைய மேலதிகாரி கடிதம் தந்தால் இன்னும் நல்லது. ஆனால் 2010, 2012இல் செய்த மீள்குடியேற்ற வேலை 10 வருட எல்லையைத் தாண்டிவிட்டது, அதற்குப் புள்ளி இல்லை.

சொந்தக் கராஜ் வைத்திருப்பவர்கள் தமக்குத் தாமே கடிதம் எழுதினால் செல்லாது. வியாபாரப் பதிவும், என்ன வேலைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வாடிக்கையாளர்கள் தரும் கடிதங்களும் வேண்டும்.

இன்னொன்று: வவுனியாவில் ஒரு முகவர் அனுபவக் கடிதம் 'செய்து தருவதாக' ஒருவர் எழுதியிருந்தார். வாங்காதீர்கள். போலி என்று பிடிபட்டால் 5 வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.