காலையில் இருபது வளைவு, மாலையில் கச்சேரி: ஏற்காட்டில் ஒரு நாளைத் திட்டமிடுவது எப்படி?

சைக்கிளில் ஏற்காடு ஏறுவதையும், மேலே திறந்தவெளியில் கச்சேரி வைப்பதையும் ஒரே நாளில் முடிக்கலாம். இருபது முப்பது சைக்கிள், எண்பது பேர் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி என்ற கணக்கில் இதை எழுதுகிறோம். இந்த ஏற்பாடு சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சேலத்தில் வைப்பதுபோல இரவு ஏழு மணிக்குக் கச்சேரியை ஆரம்பிப்பது. மேலே அந்த நேரத்துக்கு ஈரம் இறங்கிவிடும். பறையும் தவிலும் தொய்யும், மைக் கரகரக்கும், கேட்க வந்தவர்கள் ஸ்வெட்டர் தேடிக் கிளம்புவார்கள். நான்கு மணிக்கு முதல் அடி விழ வேண்டும், ஏழுக்குள் முடிக்க வேண்டும். மற்ற எல்லா நேரத்தையும் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சாலையில் மண்ணும் கல்லும் சரியும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை சரியாக மதியம் மூன்று, நான்கு மணிக்குத்தான் கொட்டும், அதாவது கச்சேரி நேரத்தில். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் சைக்கிளோடு மலைப்பாதையில் மாட்டிக்கொள்வதும் நல்லதல்ல.

அடிவாரத்திலிருந்து ஏரி வரை இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். சாலையின் சராசரி சாய்வு நூற்றுக்கு ஐந்துதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டரை, மூன்று மணி நேரம் இறங்காமல் மிதிக்க வேண்டும் என்பதால் கியர்தான் ஆளைக் காப்பாற்றும். முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரியதும் ஏறக்குறைய ஒரே பல் எண்ணிக்கையில் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 21 கியர் ஹைபிரிட் சைக்கிளில் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் இருக்கும், அது போதும். முன்னால் 39, பின்னால் 25 உள்ள பழைய ரோடு பைக்கில் புதியவர்களை ஏற்றாதீர்கள். எட்டாவது, ஒன்பதாவது வளைவிலேயே முட்டி பேச ஆரம்பிக்கும். நிமிடத்துக்கு எழுபது சுற்று மிதிக்க முடிகிற கியரில் இருங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம்தான் செங்குத்து. நாம் இடதுபக்கம் போகிறவர்கள் என்பதால், இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் கடினமானது. வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் அழுத்தி மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினால் செயின் கழன்று விழும், சைக்கிள் அப்படியே நின்றுவிடும், பின்னால் பஸ் இருக்கும். மேலிருந்து வரும் பஸ் திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். நடுவில் போய்ப் போட்டி போட வேண்டாம்.

அதிகாலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி வளைவு தாண்டலாம். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் கணக்கு. இரண்டாவது பாட்டிலில் உப்புப் போட்ட மோர். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலை மிட்டாய். பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வழியில் நின்று தின்னும்போது குரங்குகள் பையைப் பறிக்கும், பொட்டலத்தை வெளியே காட்டாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் மாநிலம் முழுக்கத் தடை உண்டு. கச்சேரிக்கான டம்ளர், தட்டுகளையும் ஸ்டீலிலோ பாக்குமட்டையிலோ ஏற்றுங்கள்.

ஒன்பது மணிக்குள் மேலே வந்துவிட்டால் டிபன், குளியல், ஒரு தூக்கம். வியர்த்த சட்டையோடு உட்காராதீர்கள். கீழே இருப்பதைவிட ஏறத்தாழ எட்டு டிகிரி குறைவாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் தசை பிடித்துக்கொள்ளும்.

இடத்துக்கும் அனுமதிக்கும் இரண்டு வாரம் முன்பே அலையுங்கள். ஒலிபெருக்கி வைக்கக் காவல்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் நிறைய, எனவே இடத்தை நடந்தே அளந்து பாருங்கள். எஸ்டேட் களமோ விடுதிப் புல்வெளியோ நல்லது. வன ஓரம் வேண்டாம், காட்டெருமை நடமாடும் இடம். ஸ்பீக்கரைப் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திருப்பாதீர்கள், சத்தம் எதிர் மலைக் கிராமம் வரை போய் இடிக்கும். மேட்டைப் பார்த்து வைத்து, ஜனங்களை மேட்டுச் சரிவில் உட்கார வையுங்கள். எல்லாருக்கும் மேடையும் தெரியும், குறைந்த சத்தத்திலேயே காதுக்கும் எட்டும்.

எண்பது பேருக்கு இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர், ஒரு சப் (அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்), சின்ன மிக்ஸர் போதும். எல்.இ.டி. விளக்கோடு சேர்த்தும் 2 கிலோவாட்டுக்குள் அடங்கும். ஜெனரேட்டர் 5 கே.வி.ஏ. சொல்லுங்கள். உயரம் ஏறினால் காற்று மெலிந்து பெட்ரோல் இன்ஜினின் சக்தி குறையும். 1,500 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். கீழே 'மூணு கே.வி.ஏ.வே போதும்ணா' என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். ஜெனரேட்டரைக் காற்று போகிற பக்கமாக 30 மீட்டர் தள்ளி, ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் நிறுத்துங்கள். 2.5 சதுர மி.மீ. மூன்று கம்பி ஒயர், எர்த்தோடு. ஈரப் புல்லில் மைக்கைக் கையில் பிடித்துப் பாடுகிறார்கள் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் ஸ்விட்சைப் போடவே கூடாது. மின்சார விஷயத்தில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி லைன் இழுத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் வராது.

அடுத்தது கச்சேரியின் வரிசை. தோல் கருவி முதலில், அதாவது வெயில் இருக்கும்போதே. நான்கு மணிக்குப் பறை, அதன்பின் நாதஸ்வரம், தவில். இந்த மூன்றுக்கும் எண்பது பேர் கூட்டத்தில் மைக்கே வேண்டாம். ஈரக் காற்றைத் தோல் குடித்தால் தளரும். அடித்தால் 'டண்' என்று எழ வேண்டியது 'தொப்' என்று விழும். பறைக்கு மேடையிலிருந்து இருபது அடி தள்ளிக் காய்ந்த ஓலையில் தீ மூட்டி, முகத்தைத் தீயில் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகி வெடிக்கும். விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை மேலே ஏறி நின்றதும் எடுத்துவிடலாம். இருபது நிமிடத்தில் மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும் என்பதால் தீயை அணைக்காமல், பக்கத்தில் ஒரு ஆளையும் ஒரு வாளித் தண்ணீரையும் வையுங்கள்.

நாதஸ்வரம் குளிரில் சுருதி இறங்கும். வாசித்து குழல் சூடேறியதும் கொஞ்சம் மீளும், முழுவதும் மீளாது. குழலின் நீளத்தை மாற்ற முடியாது. சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை) மாற்றிச் சரிசெய்வதற்கும் எல்லை உண்டு. எனவே கீபோர்டும் சுருதிப் பெட்டியும்தான் அதற்கு இறங்கி வர வேண்டும். பத்து நிமிடம் வாசிக்கவிட்டு, அதன்பின் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனிங்கை (மொத்தச் சுருதி அளவை) 440 ஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாகக் குறைத்துப் பொருத்துங்கள். கிடார் இதற்கு நேர்மாறு: கம்பி குளிரில் இறுகிச் சுருதி ஏறும். பெட்டியிலிருந்து எடுத்து வெளியே இருபது நிமிடம் வைத்த பிறகே சுருதி கூட்டச் சொல்லுங்கள்.

பாட்டும் கிடாரும் ஐந்தரைக்கு மேல். ஸ்டுடியோவில் வைக்கும் கண்டென்ஸர் மைக் ஈரத்தில் வெடிச்சத்தம் போடும், எல்லாவற்றுக்கும் மேடையில் கையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக்கே போதும், மேலே ஸ்பாஞ்ச். மிக்ஸரை இடைவேளையில் அணைக்காதீர்கள். அதன் சூடே உள்ளே ஈரம் படியாமல் காக்கும். மேலே ஒரு தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

இருட்டில் சைக்கிளில் இறங்கக் கூடாது. இரண்டு குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) பேசி வையுங்கள், ஒன்று சவுண்டுக்கு, ஒன்று சைக்கிளுக்கு. முன்சக்கரத்தைக் கழற்றித் தலைமாற்றி நிறுத்தினால் ஒரு நடைக்குப் பத்து, பன்னிரண்டு சைக்கிள் போகும், நடுவில் கோணிச்சாக்கு. சைக்கிளில்தான் இறங்குவோம் என்பவர்கள் இரவு தங்கி, விடிந்தபின் ஏழு மணிக்குக் கிளம்பட்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் பேட் வழவழத்துப் பிடி போய்விடும். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு முதல் வழி.

ஈரப்பட்ட பறையையும் தவிலையும் ஊருக்கு வந்ததும் வெயிலில் காயப்போடாதீர்கள், சேலத்து வெயிலில் ஒரே மதியத்தில் தோல் கீறிவிடும். துணியால் துடைத்து, உறை போடாமல், நிழலில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள்.