அடம் பிடிக்கிற பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு நோட்டும் பேனாவும்

பிள்ளை கத்திப் புரளும்போது என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விஷயமே அங்கேதான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சாயங்காலம் கூட்டிப்போக வருகிற அம்மாக்களிடமும் ஆயா தாத்தாக்களிடமும் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே. ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை அடம் வருவது வளர்ச்சியோடு வருகிற சங்கதி. ஆசை நிறைய இருக்கிறது, அதைச் சொல்லப் பேச்சு போதவில்லை. தன்னை அடக்கிக்கொள்ள உதவுகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும். மூன்று வயதுப் பையன் உங்களைப் பழிவாங்கத் திட்டம் போடுவதில்லை.

படி 1: ஒரே ஒரு பிரச்சினை

"சொல் பேச்சு கேட்பதில்லை" என்று எழுதினால் ஒன்றும் செய்ய முடியாது. "டிவியை அணைத்தால் ரிமோட்டை எறிகிறான்", "தங்கச்சியைக் கடிக்கிறான்" என்று கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்கட்டும். பத்து இருந்தாலும் ஒன்றை எடுங்கள். மற்றது பிறகு.

படி 2: ஒரு வாரம் எழுதுங்கள்

நோட்டில் மூன்று பத்தி: முன்னால் என்ன, பிள்ளை செய்தது என்ன, பின்னால் என்ன. நேரத்தையும் போடுங்கள். இந்த வாரம் எதையும் திருத்த வேண்டாம், வழக்கம்போலவே நடந்துகொள்ளுங்கள். மூன்றரை வயதுப் பையன் உள்ள ஒரு வீட்டு நோட்டு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

திங்கள், மாலை 5:40. முன்னால்: அம்மா வேலையிலிருந்து வந்தாள், போனில் பேசிக்கொண்டே அடுப்பில் சட்டி வைத்தாள். செய்தது: தங்கச்சியின் கையைக் கடித்தான். பின்னால்: அம்மா போனை வைத்துவிட்டு ஓடி வந்து திட்டினாள்.

புதன், மாலை 5:50. முன்னால்: ஆயா ரொட்டி சுடுகிறாள், அம்மா தங்கச்சிக்கு உடை மாற்றுகிறாள். செய்தது: கடித்தான். பின்னால்: ஆயா மடியில் உட்காரவைத்துப் புத்தி சொன்னாள்.

சனி: ஒன்றும் இல்லை. மதியம் நன்றாகத் தூங்கினான், சாயங்காலம் அப்பாவோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றினான்.

மூன்று வரிதான். ஆனால் பாருங்கள்: இரண்டு தடவையும் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம், பசி, யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. கடித்ததும் திட்டோ மடியோ, ஏதோ ஒன்று கிடைத்தது. பிள்ளைக்குத் திட்டும் கவனிப்புதான்.

பெரும்பாலான அடத்துக்குப் பின்னால் நாலில் ஒன்று இருக்கும்: கவனிப்பு வேண்டும், ஒரு பொருள் வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது உடம்பு சரியில்லை. உடம்பு என்றால் பசி, தூக்கம், காது வலி, எங்கள் ஊர் ஜனவரிப் புழுக்கம் எல்லாம் சேர்த்தி. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. டிவி, போன் எல்லாம் சேர்ந்து ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டைச் சரிசெய்தாலே சில வீட்டில் நோட்டு பாதி காலியாகிவிடும்.

படி 3: முன்னால் நடப்பதை மாற்றுங்கள்

மேலே சொன்ன வீட்டில் அம்மா வந்ததும் ஒரு வாழைப்பழம், பத்து நிமிடம் அவனோடு மட்டும், போனைத் தொடாமல். சமையல் அதற்குப் பிறகு. இவ்வளவுதான் மாற்றம்.

சொல்கிற விதமும் இதில் சேரும். அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். கிட்டப் போய், பேரைச் சொல்லி, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட "என் கையைப் பிடித்து நட" என்பது சுலபமாக ஏறும். "குளிக்க வர்றியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பது நியாயமான பதில்தானே! "இப்போ குளிக்கணும், நீல வாளியா சிவப்பு வாளியா?" என்று கேளுங்கள்.

படி 4: நல்லது செய்யும்போது பிடியுங்கள்

நம் வீடுகளில் பிள்ளையைப் புகழக் கொஞ்சம் பயம், கண்ணு பட்டுவிடும் என்று. சரி, பிள்ளையைப் புகழ வேண்டாம், செய்ததைச் சொல்லுங்கள். "தங்கச்சிக்கு லாரியைக் கொடுத்தியே, நல்லாருக்கு." உடனே சொல்ல வேண்டும், என்ன செய்தான் என்பதும் அதில் வர வேண்டும். வெறும் "குட் பாய்" அவனுக்கு எதையும் கற்றுத் தராது.

படி 5: அழுகைக்குக் கூலி கொடுக்காதீர்கள்

2023-ல் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கலாம். அம்மா கார்ட்டூனை நிறுத்தினால் தரையில் புரளும் பிள்ளை, கரண்ட் போய் நின்றால் இரண்டு முனகலோடு எழுந்து போய்விடும். கரண்டிடம் அழுது பயனில்லை என்று அதற்குத் தெரியும். அம்மாவிடம் அழுதால் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. அந்த "சில நாள்"தான் அடத்தை உரம் போட்டு வளர்க்கிறது. எப்போதாவது கிடைக்கிற பலனுக்காகப் பிடிக்கிற அடம், எப்போதும் கிடைப்பதற்காகப் பிடிப்பதைவிடக் கெட்டியானது.

சிணுங்கல், கத்தல், காலை உதைத்தல் இவற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அடங்கியதும் உடனே திரும்பிப் பேசுங்கள். முதல் சில நாள் அடம் குறையாது, கூடும். இதுவரை பலித்தது பலிக்கவில்லையே என்று இன்னும் உரக்க முயன்று பார்க்கும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் ஆயா. நீங்கள் மறுத்த மிட்டாயை முந்தானையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நிற்பார். சண்டை போடாதீர்கள். "அத்தே, இவன் அழாம கேட்டா நீங்கதான் கொடுக்கணும்" என்று அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். என் கணக்கில் இந்தப் பதிவிலேயே அதிகம் வேலை செய்யும் வரி இதுதான்.

படி 6: கடித்தால், அடித்தால்

இதைப் பார்த்தும் பாராமல் விடக் கூடாது. முதலில் அடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். கடித்தவனிடம் "கடிக்கக் கூடாது" என்று இரண்டே சொல். பிறகு நீங்கள் பார்க்கும்படியான இடத்தில் தனியாக உட்காரட்டும். மூன்று வயதுக்கு மூன்று நிமிடம் போதும். இருட்டறை, பூட்டு எல்லாம் வேண்டவே வேண்டாம். நேரம் முடிந்ததும் பழையதைக் கிளறாமல் விளையாட விடுங்கள்.

"அடியாத மாடு படியாது" என்று தாத்தாக்கள் சொல்வார்கள். அடி அந்த நிமிடம் நிறுத்தும், அதனால்தான் பலன் தருவதுபோலத் தெரிகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல குடும்பங்களில் கண்டது இதுதான்: பிள்ளை கத்த, பெரியவர் அதைவிடக் கத்த, கடைசியில் யாராவது விட்டுக்கொடுக்க, அடுத்த முறை இருவருமே இன்னும் மேலிருந்து தொடங்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. பள்ளிகளில் பிரம்படி 1996 சட்டத்தோடு போயிற்று. வீட்டில் "அளவான அடி" என்று பெற்றோர் சொல்லிவந்த சாக்கையும் 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

படி 7: எப்போது வெளியே உதவி கேட்பது

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, பேசிய பேச்சு நின்றுபோயிற்று, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள். கடைசி இரண்டுக்கு மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். தடுப்பூசி எழுதுகிற ரோடு டு ஹெல்த் புத்தகத்தையும் உங்கள் நோட்டையும் கொண்டுபோங்கள். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், காது சரியாகக் கேட்காத பிள்ளையும் "சொல் பேச்சு கேட்காத" பிள்ளை போலத்தான் தெரியும். ராத்திரி நேரத்தில் கை ஓங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு அடுத்த அறைக்குப் போய், தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைனின் 116-ஐக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, பெற்றோரும் பேசலாம்.