பாஸ்பீன் கழலும் ஆற்றலைக் கணக்கிடுவது எப்படி?

ஈனி (உலோக அணுவோடு பிணைந்திருக்கும் மூலக்கூறு) ஒன்று கழன்று இன்னொன்று சேரும் ஈனிப் பரிமாற்றத்தைக் கணினியில் ஆராய வரும் மாணவர்களுக்கு, முதலில் ருத்தீனியத்தை மையமாகக் கொண்ட கிரப்ஸ் வினையூக்கிகளைத்தான் கொடுப்பேன். அவற்றில் கழலும் ஈனி, பாஸ்பரஸ் வழியே பிணைந்த பாஸ்பீன். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சோதனை அளவீடு இருக்கிறது. 2001-இல் சான்ஃபோர்ட், லவ், கிரப்ஸ் மூவரும் பாஸ்பரஸ் என்.எம்.ஆர். வழியே அளந்தார்கள். 80 டிகிரி செல்சியஸில் முதல் தலைமுறைச் சேர்மத்திலிருந்து பாஸ்பீன் கழலும் வேக மாறிலி நொடிக்கு 9.6, இரண்டாம் தலைமுறையில் 0.13 மட்டுமே. வினைத்திறன் மிகுந்தது இரண்டாவதுதான், ஆனாலும் பாஸ்பீனை இறுகப் பிடித்திருப்பதும் அதுவே! உங்கள் கணக்கில் இந்த வரிசை வராவிட்டால், வேறெந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று பாஸ்பீனின் சைக்ளோஹெக்சில் வளையங்களை மீத்தைலாகச் சுருக்காதீர்கள். அப்படிச் செய்து ஆறு வாரங்களை இழந்திருக்கிறேன். மூலக்கூறைத் திரையில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வளையத்தின் ஹைட்ரஜன்கள் குளோரினையும் பென்சிலிடீனையும் உரசுவதுபோல் நெருங்கி நிற்கும். அங்கேதான் அணுக்களிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பான லண்டன் விசை வேலை செய்கிறது. அதைச் சேர்க்காத பி3எல்ஒய்பி என்ற கணக்கீட்டு முறை, ருத்தீனியம்–பாஸ்பரஸ் பிணைப்பை உண்மையைவிட மிகவும் பலவீனமாகக் காட்டும். அந்த ஈர்ப்பைச் சேர்க்கும் டி3 திருத்தம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். வளையங்கள் பல விதமாகத் திரும்பும் என்பதால், குறைந்த ஆற்றலுள்ள வடிவத்தைத் தேடிப் பிடித்த பிறகே மேலே செல்லுங்கள்.

அடுத்து, பிணைப்பை ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 0.1 ஆங்ஸ்ட்ராம் படிகளாக நீட்டிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் ஆற்றல் ஏறிக்கொண்டே போய்ச் சமதளமாகும். தனியாக ஒரு முகடு தென்படாது. இல்லாத முகட்டு நிலையை (நிலைமாற்ற நிலையை) தேடி நாள்களை வீணாக்காதீர்கள்.

அதிகம் பேர் வழுக்குவது என்ட்ரோபியில்தான். ஒரு மூலக்கூறு இரண்டாகப் பிரிவதால் என்ட்ரோபி கூடுகிறது. நிரல்களோ பொதுவாக 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயுவாகவே கணக்கிடுகின்றன. 1 மோலார் கரைசலுக்கு மாற்ற, 298 கெல்வினில் மோலுக்கு 1.9 கிலோகலோரியைக் கழலும் கட்டிலா ஆற்றலுடன் கூட்டுங்கள். 100 செ.மீ⁻¹-க்குக் கீழான அதிர்வுகளுக்கு அவற்றின் என்ட்ரோபியைத் திருத்த 2012-இல் கிரிம்மே முன்வைத்த முறையைப் பயன்படுத்துங்கள். கரைப்பானாக டொலுவீனைக் கொடுங்கள்; அளவீடு நடந்தது அதில்தான்.

298 கெல்வினில் சோதனை தந்த கட்டிலா ஆற்றல் தடைகள், முதல் தலைமுறைக்கு மோலுக்கு 19.9, இரண்டாம் தலைமுறைக்கு 23.0 கிலோகலோரி. முதலில் இரண்டுக்கும் உள்ள மூன்று கிலோகலோரி இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உங்கள் சொந்தச் சேர்மத்தின் கோப்பை அன்றே ஓடவிடலாம்.