மைக்ரோமீட்டரைக் கேலிபரேஷனுக்கு அனுப்பும் முன்பும், சான்றிதழ் கைக்கு வந்த பின்பும்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பட்டறையிலிருந்து போன ஷாஃப்ட்கள் ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தன. ட்ராயிங்கில் விட்டம் 24.990 முதல் 25.000 மி.மீ. வரை என்று இருந்தது. எங்கள் ஆய்வுப் பதிவேட்டில் 24.998, 24.999 என்று எழுதியிருந்தோம்; வாங்கியவர்களின் கருவியிலோ அதே ஷாஃப்ட்கள் 25.002, 25.003 என்று காட்டின. நாங்கள் அளந்த டிஜிட்டல் மைக்ரோமீட்டர் (திருகைத் திருப்பி நுண்ணளவு காணும் கருவி) நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஆய்வகத்துக்குப் போய் வந்திருந்தது. அதன் பெட்டியில் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. அன்றைக்குத்தான் கோப்பிலிருந்து சான்றிதழை எடுத்து முதன்முறையாக வரி விடாமல் படித்தேன். 25 மி.மீ. அளவில் கருவி 24.996 காட்டுகிறது, பிழை மைனஸ் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இன் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஆய்வகத்தார் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகைக் கருவிக்கு 4 மைக்ரான் அனுமதிக்கப்பட்ட எல்லைதான் என்பதால் "ஏற்கத்தக்கது" என்றும் இருந்தது. கருவி தேறியது உண்மை. ஆனால் 10 மைக்ரான் டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு) கொண்ட அந்த ஜாபுக்கு அது தகுமா என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். சிறு பட்டறை நடத்துவோரும், தரக்கட்டுப்பாட்டில் புதிதாகச் சேர்ந்தோரும் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கேலிபரேஷன் என்பது ரிப்பேர் அன்று. உங்கள் கருவி காட்டும் அளவை, அதைவிடத் துல்லியம் அறியப்பட்ட ஒரு படியளவோடு ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவு என்று எழுதித் தருவதே கேலிபரேஷன். கடைத் தராசுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வைக்கப்படும் முத்திரை வேறு வகையைச் சேர்ந்தது; தராசு சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும், பிழையின் அளவைச் சொல்லாது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சோதனை, கேலிபரேஷன் ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அந்த அங்கீகாரம் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்னும் தரநிலையின்படி வழங்கப்படுவது. ஆனால் ஆய்வகம் முழுமைக்கும் பொத்தாம்பொதுவாகக் கொடுக்கப்படுவதன்று. எந்தக் கருவிக்கு, எந்த அளவு எல்லைக்குள், எவ்வளவு நிச்சயமின்மையோடு (அளவீட்டில் சந்தேகத்துக்கு இடமான எல்லை) அளக்க அந்த ஆய்வகத்தால் முடியும் என்பது அங்கீகாரப் பட்டியலில் வரிவரியாக இருக்கும். எடை அளக்க அங்கீகாரம் பெற்ற இடம் நீள அளவுக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மைக்ரோமீட்டரின் வரியைத் தேடிப் படித்துவிட்டு, அதில் போட்டிருக்கும் நிச்சயமின்மை உங்கள் தேவைக்குப் போதுமா என்று பாருங்கள்.

கருவியோடு அனுப்பும் கடிதத்தில் மூன்று செய்திகளை எழுதுங்கள். ஒன்று, ஏதேனும் சரிசெய்ய நேர்ந்தால் அதற்கு முன்பு வந்த நிலையிலேயே அளந்து அந்த அளவுகளையும் தர வேண்டும் என்பது. இதன் அருமை கடைசியில் விளங்கும். இரண்டு, தேர்ச்சி என்று எழுதுவதாக இருந்தால் நிச்சயமின்மையைக் கணக்கில் கொண்டா, கொள்ளாமலா என்னும் முடிவு விதி. 17025 தரநிலையின்படி இதை வாடிக்கையாளரோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்றாலும், நம்மில் பலர் கேட்பதே இல்லை. மூன்று, எந்தெந்த அளவுகளில் ஒப்பிட வேண்டும் என்பது.

இந்த மூன்றாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 5, 10, 15, 20, 25 என்று முழு எண்களில் ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் மைக்ரோமீட்டரின் திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்கிறது, ஆகவே அந்த ஐந்து அளவுகளிலும் திம்பிள் என்னும் சுழலும் உருளை ஒரே கோணத்தில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே ஏறி இறங்கும் திருகுப் பிழை எதுவும் அதில் கண்ணுக்குப் படாது. இதற்காகவே 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 என்று ஒரு ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) வரிசை வழக்கத்தில் இருக்கிறது. 2.5-இல் பூஜ்யத்தில் நிற்கும் திம்பிள், 5.1-இல் ஐந்தில் ஒரு பங்கு சுற்றும், 7.7-இல் ஐந்தில் இரண்டு பங்கும் திரும்பி, 15.0-இல் மீண்டும் பூஜ்யத்துக்கு வருவதைக் கையில் கருவியை வைத்துத் திருப்பிப் பாருங்கள். இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் யாராயிருந்திருந்தாலும் அவரை வணங்கத் தோன்றும். இவற்றோடு, நீங்கள் அடிக்கடி அளக்கும் ஜாபின் அளவு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அனுப்பும்போது அன்வில் (அசையாத முனை), ஸ்பிண்டில் (நகரும் முனை) முகங்களைப் பஞ்சு போன்ற தாளால் துடைத்து, இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டுப் பெட்டியில் வையுங்கள். இறுக மூடி வைத்தால் இடையில் ஈரம் தங்கித் துரு ஏறும். ஆய்வகத்தில் அந்த முகங்களின் மீது ஆப்டிகல் ஃப்ளாட் என்னும் கண்ணாடி வில்லையை வைத்து ஒளிப்பட்டைகளை எண்ணிச் சமதளம் பார்ப்பார்கள். பட்டை ஒன்று ஏறத்தாழ 0.3 மைக்ரான் மேடுபள்ளத்தைக் குறிக்கும் என்பதால் சிறு துருப்புள்ளியும் அதில் தெரிந்துவிடும்.

கருவி அங்கே போனவுடன் அளக்கப்படுவதில்லை, 20 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்ட அறையில் சில மணி நேரம் ஆறவிடப்படுகிறது. அந்த ஆய்வகத்தின் ஸ்லிப் கேஜ்கள் அதைவிட உயர்ந்த ஆய்வகமொன்றில் ஒப்பிடப்பட்டவை. அவ்வரிசை மேலேறி, 1947-இல் நிறுவப்பட்ட புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைப் போன்ற ஒரு தேசிய அளவியல் நிலையத்தின் லேசர் ஒளியில் போய் முடிகிறது. ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர் என்று 1983-இல் வகுக்கப்பட்ட வரையறைதான் அதன் முடிவிடம். ட்ரேசபிலிட்டி என்று சான்றிதழில் காணும் சொல் இந்த அறுபடாத சங்கிலியைக் குறிக்கிறது. ஆய்வகம் தன் படியளவுகளின் சான்றிதழ் எண்ணையும், அவற்றின் காலாவதித் தேதியையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கருவியை ஒப்பிட்ட நாளில் அவை செல்லுபடியாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது சான்றிதழின் அட்டவணைக்கு வருவோம். முதலில் கருவியின் வரிசை எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது, தரப்பட்டிருப்பது பிழையா, திருத்தமா என்பது. கருவி காட்டியதிலிருந்து படியளவைக் கழித்தால் பிழை. அதையே குறி மாற்றினால் திருத்தம். மைனஸ் 4 என்பதைத் திருத்தம் என்று தவறாக எடுத்துக்கொண்டால், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து 8 மைக்ரான் தள்ளிப் போவீர்கள். பிறகு நிச்சயமின்மை: "±2 மைக்ரான், கே = 2" என்றிருந்தால், சொல்லப்பட்ட பிழையின் உண்மை மதிப்பு அந்த 2 மைக்ரான் எல்லைக்குள் இருப்பதற்குச் சுமார் 95 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள்.

எங்கள் ஷாஃப்ட்டுக்கே கணக்கிட்டுப் பார்ப்போம். மேல் எல்லை 25.000. கருவி 4 மைக்ரான் குறைத்துக் காட்டுவதால், அந்த எல்லையில் அது 24.996 காட்டும், நிச்சயமின்மைக்காக 2 மைக்ரான் உள்ளே தள்ளினால் 24.994. கீழ் எல்லை 24.990-க்குக் கருவி 24.986 காட்டும், 2 மைக்ரான் உள்ளே வந்தால் 24.988. ஆக, அந்தக் கருவியில் 24.988 முதல் 24.994 வரை காட்டும் ஷாஃப்டைத்தான் நாங்கள் தைரியமாக அனுப்பியிருக்கலாம். 10 மைக்ரானில் கையில் மிஞ்சுவது 6. அளப்பவரின் கை வேறுபாட்டை இன்னும் கழிக்கவில்லை. இத்தகைய ஜாபுக்கு, 25 மி.மீ. ஸ்லிப் கேஜை வைத்துக் கருவியை அந்த அளவிலேயே நிலைப்படுத்திக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டு அளப்பதே நல்ல வழி. இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11.5 மைக்ரான் நீள்கிறது; அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு. கருவியும் ஜாபும் எஃகாகவே இருந்து, ஒரே மேசையில் ஒன்றாக ஆறியிருந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும் என்பதால் பெரும் பிழை வராது. ஆனால் மே மாதத்தில் 34 டிகிரி இருக்கும் பட்டறையில் 25 மி.மீ. அலுமினிய ஜாபை எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால், 20 டிகிரியில் இருக்கும் அளவைவிட 4 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கேலிபரேஷன் எப்போது என்று ஆய்வகம் தானாக எழுதக் கூடாது. நீங்கள் கேட்டாலொழிய அதைச் சான்றிதழில் சேர்க்கத் தரநிலை இடம் கொடுப்பதில்லை. காரணம், கருவி எவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள்தான். ஓராண்டில் தொடங்குங்கள். இடையில் வாரம் ஒருமுறை 10.3, 25.0 ஆகிய இரு ஸ்லிப் கேஜ்களை ராட்செட்டால் (எப்போதும் ஒரே அழுத்தம் தரும் திருகுமுனை) மும்மூன்று தடவை அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். வெறும் விரலால் கேஜைத் தொடாதீர்கள், வேலை முடிந்ததும் வாஸலின் தடவி வையுங்கள். அந்த நோட்டில் எண்கள் ஒரே பக்கமாக நகரத் தொடங்கினால் இடைவெளியைக் குறையுங்கள். அடுத்தடுத்த மூன்று சான்றிதழ்களிலும் அசையாமல் நின்றால் கூட்டலாம்.

கீழே விழுந்த கருவிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. விழுந்த அன்றைக்கே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து திரும்பும் கருவி, போன நிலையிலேயே எல்லை மீறியிருந்தது என்று அறிக்கை வந்தால், அதைச் சரிசெய்து வாங்கி வைத்தால் மட்டும் வேலை முடியாது. கடைசியாகச் சரியாக இருந்த தேதியிலிருந்து அதனால் அளந்து அனுப்பிய ஜாப்கள் எவையெவை, அவற்றில் எல்லையை ஒட்டி நின்றவை எவை என்று பின்னோக்கித் தேட வேண்டும். கடிதத்தில் வந்த நிலை அளவுகளைக் கேட்டது இதற்காகத்தான். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் அளந்த கருவியின் எண்ணை எழுதும் வழக்கம் இருந்தால் இது ஒரு மதிய நேர வேலை. எங்களிடம் அன்றைக்கு அந்த வழக்கம் இல்லாததால், மூன்று மைக்ரோமீட்டர்களில் எது எந்த லாட்டை அளந்தது என்று தெரியாமல், ஸ்டாக்கில் இருந்த ஷாஃப்ட்கள் அனைத்தையும் பதினொரு நாள் உட்கார்ந்து மறுபடி அளந்தோம்.