மஞ்சள் வயரில் மாட்டாதீர்கள்: கார் ஆண்டெனா பூஸ்டரில் நடக்கும் தவறுகள்

ஆண்ட்ராய்டு பிளேயர் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததிலிருந்து, எங்கள் சுங்கை சிப்புட்டில் வீட்டு வாசலிலேயே டேஷ்போர்டைக் கழற்றும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். பாட்டு, வரைபடம், ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். ரேடியோ மட்டும் இரையும். பழைய ரேடியோவில் தெளிவாகக் கேட்ட மின்னல் எஃப்.எம்., லிந்தாங் சாலையில் செம்பனைக்குள் நுழைந்ததும் கரகரக்கும். ஈப்போ கிளேடாங் மலையில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது, அது நமக்கு அவ்வளவு தூரமும் இல்லை. ஆக, பெரும்பாலும் கோளாறு காருக்குள்தான்.

காரணம் எளிது. இன்று பல கார்களில் ஆண்டெனாவின் அடியிலோ, பின்கண்ணாடியின் ஓரத்திலோ சின்னதாக ஒரு பூஸ்டர், அதாவது ரேடியோ அலையைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி, ஒளிந்திருக்கிறது. அதற்கு வேண்டிய 12 வோல்ட்டை அசல் ரேடியோ கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய பிளேயர் மாட்டும்போது அந்த இணைப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். கரண்ட் கிடைக்காத பூஸ்டர் சும்மா இருந்துவிடாது, வருகிற அலையையும் அமுக்கிவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது, வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடாமல் இருப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

மஞ்சள் வயரில் பூஸ்டர்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மாட்டிய அன்று எல்லாம் பிரமாதமாக இருக்கும். பணம் போவது பிறகுதான், அதுவும் எங்கே போகிறது என்று தெரியாமலே போகும்.

முதலில் நிறங்களைப் பார்த்துவிடுவோம். பிளேயரின் மஞ்சள் வயரில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். சிவப்பில் சாவி திருப்பினால் வரும். முழு நீலம் ஆண்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்ட நீலம், ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு. மலிவு பிளேயர்களில் நிறம் மாறியிருக்கலாம், அதனால் மேலே ஒட்டியிருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பல பிளேயர்களில் முழு நீல வயர் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் 12 வோல்ட் கொடுக்கும். புளூடூத்துக்கு மாற்றினால் நின்றுவிடும். மோட்டார் ஆண்டெனா தேவையில்லாத நேரத்தில் கீழே இறங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. புதிதாகச் செய்கிறவர் போனிலிருந்து பாட்டை ஓடவிட்டுக்கொண்டே, வோல்ட் அளக்கும் மீட்டரை நீலத்தில் வைப்பார். பூஜ்யம் காட்டும். "வயர் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிவிட்டு, கரண்ட் நிச்சயமாக இருக்கும் மஞ்சளைத் தேடிப் போய்விடுவார்.

அண்மையில் ஒரு தம்பி மைவி காரோடு வந்தார். வேலை பினாங்கில். கார் ஊரில் அம்மா வீட்டு வாசலில் நிற்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். புது பேட்டரி போட்டார். அடுத்த முறையும் அதே கதை. பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று ஒரு ஃபோர்மேன் சொல்ல, ஆல்டர்நேட்டரையும் மாற்றினார். அப்புறமும் கார் எழவில்லை.

நெகட்டிவ் முனையைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இடையில் கோத்தேன். கதவுகளைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்ததும், காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கிப்போய், அளவு 60 மில்லியாம்பியரில் வந்து நின்றது. பிளேயரைப் பாதி இழுத்துப் பார்த்தேன். ஆண்டெனா வயரோடு வந்த மெல்லிய நீல வயர், மஞ்சளோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. பிரித்தேன். 20க்கு இறங்கியது.

"அண்ணே, நீல வயர்ல கரண்டே வரல, மஞ்சள்லதான் வந்துச்சு" என்றார். ரேடியோவைப் போடச் சொல்லிவிட்டு மீட்டரை நீலத்தில் வைத்துக் காட்டினேன். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தது.

60 மில்லியாம்பியர் கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1.4 ஆம்பியர்-அவர். மைவி போன்ற கார்களில் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர் அளவுதான். இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் போய்விடும், பேட்டரி கொஞ்சம் பழையதாக இருந்தால் அதற்குள்ளேயே ஸ்டார்ட் ஆகாது. தினமும் ஓடுகிற காரில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் யாரும் பூஸ்டரைச் சந்தேகிப்பதில்லை. இப்படி அடிமட்டம் வரை இறங்கி இறங்கி ஏறினால் பேட்டரித் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, புது பேட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும்.

ஆகவே ரேடியோவைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். நீலத்தில் 12 வோல்ட் வந்தால் பூஸ்டரை அங்கேயே கொடுங்கள். பாட்டு கேட்கும்போது அது நின்றுபோனால் நட்டமில்லை, அப்போது பூஸ்டருக்கு வேலையே கிடையாது. ரேடியோ ஓடும்போதும் வரவில்லையென்றால் வெள்ளைக் கோடு போட்ட நீலம். அதுவும் இல்லாத பிளேயர் என்றால் சிவப்பு, நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வைத்து. மஞ்சள் எந்த நிலையிலும் கிடையாது.

நீல வயரை பல்பு வைத்துச் சோதிப்பது

நீல வயர் பாரம் இழுப்பதற்காகப் போட்டதல்ல. பயனியர் கையேடுகளில் 12 வோல்ட், அதிகபட்சம் 300 மில்லியாம்பியர் என்றே எழுதியிருக்கும். பூஸ்டருக்கு அதில் கொஞ்சம் போதும். ஆனால் 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் 400 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். சோதிக்கப்போய் பிளேயருக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டரைக் கருக்கிவிட்டால் அந்த வயர் நிஜமாகவே செத்துவிடும். மீட்டர் வாங்குங்கள். இணைத்து முடிக்கும்வரை வயரின் நுனியை டேப்பால் மூடி வையுங்கள், காரின் பாடியில் பட்டாலும் அதே கதிதான்.

மோட்டார் ஆண்டெனா

பழைய பென்ஸ் போன்றவற்றில் உயர்ந்து இறங்குவது. அதன் மோட்டாரை நீல வயரில் நேராக ஓட்டவே கூடாது, ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும்.

ஃபோக்ஸ்வேகனில் பூஸ்டர் வயரைத் தேடுவது

கிடைக்காது. போலோ, ஜெட்டா போன்ற கார்களில் ஆண்டெனா கேபிளின் நடுக்கம்பி வழியாகவே பூஸ்டருக்குக் கரண்ட் போகிறது. இதற்கென்று அடாப்டர் விற்கிறார்கள். ஒரு முனை காரின் ஆண்டெனா பிளக்குக்கு, மறுமுனை பிளேயருக்கு, பக்கத்தில் நீல வயர் ஒன்று தொங்கும். அந்த நீல வயரைப் 'பயன்படாத வயர்' என்று வெட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதுதான் பூஸ்டருக்கு உயிர், பிளேயரின் நீலத்தோடு சேருங்கள். ஜப்பான் கார்கள் பலவற்றில் இதற்குத் தனி வயர் அசல் சாக்கெட்டிலேயே இருக்கும். சாக்கெட் அடாப்டர் வாங்கும்போது உங்கள் மாடலுக்கு அந்த வயருக்கான பின் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எர்த்தை மறப்பது

பல பூஸ்டர்களுக்கு எர்த் வயர் தனியாக இருக்காது, ஆண்டெனா கேபிளின் மேல்வலையும் காரின் தகடும்தான் எர்த். ஆண்டெனாவுக்கு அடியில் துரு பிடித்திருந்தால், இந்த மழையில் பிடிக்காமல் இருக்குமா, பூஸ்டருக்கு 12 வோல்ட் போயும் பிரயோசனமில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்குங்கள்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். பிளேயர் ஓடும்போது ஆண்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேயரே அணைந்துவிட்டால், அதன் கறுப்பு எர்த் வயர் சரியாக மாட்டப்படவில்லை என்று அர்த்தம். முழுக் கரண்டும் அந்த மெல்லிய ஆண்டெனா வலை வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சூடாகும், ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறும். உடனே சரிசெய்ய வேண்டியது இது.

பூஸ்டருக்கு மேல் இன்னொரு பூஸ்டர்

வேண்டாம். ஈப்போ பக்கம் போனால் அலை அளவுக்கு மீறி ஏறி, ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று வந்து உட்காரும்.

இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவது

பூஸ்டருக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று தெரியாது. டேஷ்கேம், மலிவான போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு மூன்றும் எஃப்.எம்.மில் கரகரப்பைக் கிளப்பும். பூஸ்டர் வாங்குவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். தனியாக வாங்கினாலும் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிளேயருக்குப் பின்னால் செருகினால், நீளக் கேபிளில் தேய்ந்து வந்த அலையையும் வழியில் ஒட்டிய குப்பையையும் சேர்த்தே பெருக்கும்.

ரேடியோ ஏரியா

சில ஆண்ட்ராய்டு பிளேயர்கள் அமெரிக்க ஏரியாவில் வருகின்றன. அங்கே ரேடியோ 0.2 மெகாஹெர்ட்ஸ் படியில் தாவும், அதனால் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண் வரும் அலைவரிசைகள்தான் கிடைக்கும். இரட்டைப்படை எண்ணில் இருக்கும் நிலையம் சரியாக நிற்காமல் கரகரக்கும், நாமோ பூஸ்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். செட்டிங்கில் ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றிவிட்டு மறுபடி தேடவிடுங்கள். டேஷ்போர்டைத் திருப்பி மூடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் இரண்டாவது முறை கழற்ற வேண்டியிருக்காது.