சின்னத் தீவின் கொலைக் கணக்கைப் படிப்பது எப்படி

சின்னத் தீவு நாடு ஒன்றின் கொலைகளைப் பற்றிய அறிக்கை கைக்கு வந்தால், விகிதத்துக்கு முன்னால் மக்கள்தொகையைப் பாருங்கள். கரீபியனில் உள்ள செயின்ட் கிட்ஸ் நெவிஸில் சுமார் 50,000 பேர்தான். அங்கே ஒரே ஒரு கொலை, லட்சத்துக்கு இத்தனை என்கிற கணக்கை 2 புள்ளி ஏற்றிவிடும். ஒரு கோஷ்டிச் சண்டையில் ஐந்து பேர் செத்தால் 10 புள்ளி. 'கொலைகள் இரட்டிப்பு' என்ற தலைப்பை அப்படியே நம்பாமல், பத்து ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டுங்கள். ஜமைக்கா கதை வேறு. சுமார் 28 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவில் 2022-இல் மட்டும் 1,498 கொலைகள். அங்கே ஓராண்டுக் கணக்கே போதுமான அளவு பேசும்.

அப்புறம் ஆயுதம். ஜமைக்காவில் பெரும்பாலும் துப்பாக்கி. ஐஸ்லாந்தில் வேட்டைத் துப்பாக்கிகள் நிறைய உண்டு, ஆனால் அவற்றால் நடக்கும் கொலை அபூர்வம். ஆகவே எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதோடு நிற்காமல், அது யார் கையில், எதற்காக இருக்கிறது என்றும் தேடுங்கள்.

காயங்களுக்கு வருவோம். பிரேதப் பரிசோதனை மேசையில் என் மாணவர்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது கைகளைத்தான். பாய்ந்து வரும் கத்தியைப் பிடித்தவருக்கு உள்ளங்கையிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும் வெட்டு விழும். கையைத் தூக்கித் தடுத்தவருக்கு முன்கையில், சுண்டுவிரல் பக்கமாக. மணிக்கட்டில் ஆழமில்லாமல் வரிவரியாக, ஒரே திசையில் கீறல்கள் இருந்தால் தற்கொலையா என்றும் யோசிக்க வேண்டும். தற்காப்புக் காயமே இல்லையென்றால், எதிர்க்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். தூங்கியிருக்கலாம், போதையில் இருந்திருக்கலாம், பின்னாலிருந்து தாக்கியிருக்கலாம். ரத்தத்தில் மது அளவு சோதிக்கப்பட்டதா என்று அறிக்கையில் தேடுங்கள்.

யார் எண்ணினார்கள் என்பதும் முக்கியம். அடிபட்டு வாரக்கணக்கில் கிடந்து இறந்தவர், காவல்துறைக் கணக்கில் காயமடைந்தவராகவே தங்கிவிடலாம். கடலில் மிதந்து அழுகிய உடல், காரணம் தெரியாத மரணமாகப் பதிவாகலாம்.

நீங்களே எழுதுவதாக இருந்தால் இன்னொன்று, எனக்கு இது ரொம்ப முக்கியம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த தீவில் '43 வயதுப் பெண், கத்திக்குத்து' என்றாலே யாரென்று தெரிந்துவிடும். அவருடைய பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள். வயதை 40 முதல் 49 என்று போடுங்கள், ஊரையும் மாதத்தையும் விட்டுவிடுங்கள்.